பிஸ்குபின் (போலந்து): இத்தனை நிலம் சும்மா கிடக்க, ஏரிக்குள்ள போய் ஏன் நூறு வீடு கட்டினாங்க?

#1 கோடைமழை

போஸ்னானுக்கு வேலைக்கு வந்து நாலு வருசமாச்சு. இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து எப்படியும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடுற இடம் பிஸ்குபின். என் மகள் போயிட்டு வந்த நாள்லேர்ந்து "அப்பா, மரத்தாலயே ரோடு போட்டிருக்காங்கப்பா"ன்னு ஒரே பாட்டு. போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கிளம்பிட்டோம்.

போஸ்னானுக்கு வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டர். க்னியெஸ்னோ தாண்டினா பவூக்கின்னு ஒரு வட்டாரம். மலைன்னு சொல்ல ஒண்ணும் கிடையாது. மேடும் பள்ளமுமா வயல், நடுநடுவுல நீளவாக்குல ஏரி. பனிப்பாறைக்கு அடியில ஓடின தண்ணி அரிச்சுவிட்ட வாய்க்கால்தான் இந்த ஏரிங்க எல்லாம்னு சொல்றாங்க. கோன்சாவ்கான்னு ஒரு சின்ன ஆறு ஒண்ணுல புகுந்து வெளிய வந்து அடுத்ததுல புகுந்து, கடைசியில நோடெச் ஆத்துல போய்ச் சேருது. அந்த வரிசையில ஒரு ஏரியோட கரையில பிஸ்குபின் கிராமம். சில நூறு பேர் இருக்கிற ஊர், அவ்வளவுதான்.

ஜ்னின் டவுன்ல காரை நிறுத்திட்டுக் குட்டி ரயில்ல போனோம். தண்டவாளத்து அகலம் 600 மில்லிமீட்டர், ஏறத்தாழ ரெண்டடி. 1894-ல போட்டது. சர்க்கரை ஆலைக்கு சர்க்கரைக் கிழங்கு (பீட்) இழுத்த வண்டி, இப்ப எங்களை மாதிரி ஆளுங்களை இழுக்குது. வழியில வெனெட்ஸ்யான்னு ஒரு நிறுத்தம், ஒரு இடிஞ்ச கோட்டை. அடுத்தது பிஸ்குபின்.

ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு முனையில கிட்டத்தட்ட 2,700 வருசத்துக்கு முந்தின ஒரு முழு ஊர் கிடைச்சிருக்கு. அப்போ அது தீவு. மொத்தமே ரெண்டு ஹெக்டேர் சொச்சம், அதுல நூறு வீடு, சுத்தி மதில். சுவரோட சுவர் ஒட்டி, மூணு மீட்டர் சந்து விட்டு, வரிசை வரிசையா. சுத்திலும் கண்ணுக்கெட்டின தூரம் காடும் வயலுமா கிடக்கு. அதை விட்டுட்டு சதுப்புல போய் இப்படி நெருக்கியடிச்சு ஏன் உட்கார்ந்தாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பழையஏடு

நல்ல இழை. "ஏன்"ங்கறதுக்கு முன்னாடி அது எப்படிக் கிடைச்சதுன்னு சொல்லிடறேன், அதுலயே பாதி பதில் இருக்கு.

1933. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் வலென்டி ஷ்வைட்செர். ஆத்தைச் சீர்படுத்தினதுல ஏரித் தண்ணி இறங்கியிருந்தது. கரையோரம் தண்ணிக்கு மேல மரக்கட்டை முனைங்க சாய்ஞ்சு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஊர்க்காரங்களுக்கு அது ஏதோ பழைய கட்டை. வாத்தியார்தான் இது மனுசன் அடிச்ச கம்புன்னு புரிஞ்சுக்கிட்டு, போஸ்னான் பல்கலைக்கழகத்து யூசெஃப் கொஸ்ட்ஷெவ்ஸ்கி காதுல போட்டார். 1934-லயே தோண்ட ஆரம்பிச்சாச்சு. கொஸ்ட்ஷெவ்ஸ்கியும் ஜ்டிஸ்வாஃப் ரயெவ்ஸ்கியும் தலைமை. 1939 தொடக்கத்துக்குள்ள சுமார் 2,500 சதுர மீட்டர் தோண்டி முடிச்சுட்டாங்க. பட்டாளத்துலேர்ந்து பலூன் வாங்கி மேலேர்ந்து படம் எடுத்தாங்க. அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம்.

ஆக, தண்ணி இருந்ததால மரம் அழுகாம நின்னுச்சு, தண்ணி இறங்கினதால கண்ணுல பட்டுச்சு. இந்த ஊர்க் கதையில எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தண்ணிதான்.

#3 கேள்விக்குறி

//ஒரு முழு ஊர் கிடைச்சிருக்கு//

அண்ணே, நீங்க பார்த்தது அசல் இல்லைன்னு சொல்லிடுங்க. வாசல், மதில்ல ஒரு துண்டு, ரெண்டு வரிசை வீடு. எல்லாம் புதுசா செஞ்சு வச்சது. நான் ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி போனேன். கூரையில நாணல் பளபளன்னு. டிக்கெட் வாங்கிட்டு சினிமா செட் பார்த்த மாதிரி இருந்தது.

#4 கோடைமழை

@கேள்விக்குறி ஒத்துக்கறேன் தம்பி. அசல் மரம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளயேதான் இருக்கு, ஈரத்தோட. வெளிய எடுத்தா காஞ்சு, சுருங்கி, வெடிச்சு உதிர்ந்துடும். தோண்டிப் பார்த்துட்டுத் திரும்ப மூடிட்டாங்க. கீழ ஈரம் குறையாம இருக்கான்னு கண்காணிச்சுக்கிட்டு இருக்காங்களாம்.

ஆனா செட்டா இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். அந்தச் சந்துல நின்னப்போ எதிர்ல ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்துச்சு. நாங்க சுவரோட ஒட்டி நின்னாதான் அவங்க போக முடிஞ்சது. காலுக்குக் கீழ உருட்டுக்கட்டை, ஒவ்வொரு காலடிக்கும் லேசா ஆடுது. மழை விட்டிருந்த நேரம், கட்டை இடுக்குலேர்ந்து சேறு பிதுங்கிச்சு. இதைப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது.

#5 தச்சன்மகன்

நான் வரலாறு படிச்சவன் இல்லை. அப்பா தச்சர், நானும் கொஞ்ச நாள் உளி பிடிச்சவன். இழையைப் பார்த்துட்டு நேத்து ராத்திரி பூரா பிஸ்குபின் வீட்டுப் படங்களையே பெருசாக்கிப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஐரோப்பாவுல மரவீடுன்னாலே மூலையில ஒண்ணு மேல ஒண்ணு வெட்டி அடுக்கறதுன்னு நினைச்சிருந்தேன். இது வேற. நிலைக்கம்பம் நட்டு, கம்பத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் நீளக் காடி (பள்ளம்) எடுத்திருக்காங்க. கிடைக்கட்டையோட ரெண்டு முனையையும் நாக்கு மாதிரி சீவி, மேலேர்ந்து காடிக்குள்ள இறக்கிட்டே வரவேண்டியதுதான். ஆணியே வேண்டாம். கட்டையை ஒரே நீளத்துக்கு முன்கூட்டியே அறுத்து வச்சுட்டா, வீடு கட்டறது அடுக்கற வேலைதான்.

வீடெல்லாம் சுமார் 8-க்கு 10 மீட்டர், ஒரே அளவு. அது ஏன்னு இப்பப் புரியுதா? காடி முறையில அளவு மாறினா மொத்தக் கணக்கும் போச்சு. ஒரே அளவுகோலை வச்சுக்கிட்டு நூறு வீட்டுக்கும் கட்டை சீவியிருக்கான். ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவர்னா அதுலயும் மரம் மிச்சம்.

#6 செந்தூரம்

ஒரே அளவு வீடுன்னா அங்க பெரியவன் சின்னவன் இல்லைன்னுதானே அர்த்தம்? தலைவனுக்குன்னு தனி மாளிகை கிடைக்கவே இல்லைன்னு படிச்சேன். எல்லா வீட்டுக்கும் வாசல் தெற்குப் பார்த்து. ஒரு திண்ணை மாதிரி முன்பகுதி, உள்ள அறை, நடுவுல அடுப்பு. ஒரு வீட்டுக்கு எட்டுலேர்ந்து பத்துப் பேர்னு வச்சா ஊருக்கு 800-லேர்ந்து 1,000 பேர். சமத்துவபுரம்!

#7 கேள்விக்குறி

@செந்தூரம் அக்கா, ஹவுசிங் போர்டு குடியிருப்புலயும் எல்லா வீடும் ஒரே அளவுதான். :-) தச்சன்மகன் சொன்ன மாதிரி அளவு ஒண்ணா இருக்கறது வேலை செய்யற முறையால. அதை வச்சு ஆளுங்க சமம்னு சொல்லிட முடியாது.

#8 பழையஏடு

கேள்விக்குறி பக்கம்தான் நானும். அதுக்குக் காரணம் மரத்துலயே இருக்கு.

மரத்தோட வளையத்தை எண்ணி எந்த வருசம் வெட்டினதுன்னு கண்டுபிடிக்கிற முறை தெரியும்ல? பிஸ்குபின் கருவாலி (ஓக்) மரங்களுக்கு அதைச் செஞ்சாங்க. பழைய பாடப்புத்தகங்கள்ல இருந்ததைவிட ஊர் இன்னும் பழசுன்னு ஆயிடுச்சு. வெட்டின காலம் கி.மு. 747-லேர்ந்து 722 வரை. அதுலயும் பாதிக்கு மேல கி.மு. 738–737 குளிர்காலத்துல வெட்டினது. ஒரே குளிர்காலம்!

மதிலுக்கு மட்டும் ஆறாயிரத்துலேர்ந்து எட்டாயிரம் கன மீட்டர் மரம்னு கணக்கு. நீளம் 450 மீட்டருக்கு மேல. கருவாலிக் கட்டையால பெட்டி பெட்டியா கட்டி, உள்ள மண்ணை நிரப்பி எழுப்பினது. இவ்வளவையும் ஒரு குளிர்காலத்துல பாதிக்கு மேல வெட்டணும்னா "நீ இங்க வெட்டு, நீ அங்க இழு"ன்னு சொல்ல ஒருத்தனோ ஒரு கூட்டமோ இருந்தே ஆகணும். அவங்க பெரிய வீட்டுல இருக்கலைங்கறது உண்மை. அதிகாரம் இல்லைங்கறது வேற பேச்சு.

#9 தச்சன்மகன்

குளிர்காலம்னதும் ஒண்ணு பொறி தட்டுது. இலை உதிர்ந்த மரத்துல நீரோட்டம் குறைவு, அப்ப வெட்டின மரம் நல்லா நிக்கும்னு அப்பா சொல்வார். இன்னொண்ணு, ஏரி உறைஞ்சு கிடக்கும். கட்டையைப் பனிக்கட்டி மேலயே இழுத்துட்டுப் போய்த் தீவுல சேர்த்துடலாம். படகே வேண்டாம். என் ஊகம்தான்.

#10 கோடைமழை

ஊகமா இருந்தாலும் ஜனவரியில இந்த ஊர் ஏரியைப் பார்த்தவன்ங்கற முறையில கையெழுத்துப் போடறேன். போன ஜனவரியில பக்கத்து ஏரி மேல நாலு பேர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. கட்டை தாங்காதா?

கரைக்கும் தீவுக்கும் நடுவுல மரப்பாலமும் இருந்திருக்கு, நூறு மீட்டருக்கு மேல. வாசல் ஒண்ணே ஒண்ணு.

#11 ஓய்வுபெற்ற புலவர்

அன்பர்களே, வணக்கம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு சொற்கள்.

நீங்கள் அனைவரும் அந்த மரக்கோட்டையிலேயே நின்றுவிட்டீர்கள். ஊரின் பெயரைக் கவனித்தீர்களா? போலிஷ் மொழியில் பிஸ்குப் என்றால் ஆயர், அதாவது கிறித்தவ பிஷப். இவ்வூர் க்னியெஸ்னோ பேராயருக்கு உரிய நிலமாக இருந்தது. 1136-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணையில் பேராயரின் உடைமைகள் பட்டியலிடப்படுகின்றன. இலத்தீனில் எழுதப்பட்ட அவ்வாணையில் நூற்றுக்கணக்கான போலிஷ் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் இடம்பெற்றிருப்பதால், போலிஷ் மொழி வரலாற்றாளர்கள் அதனைப் பொன்னேபோல் போற்றுகிறார்கள். பிஸ்குபினின் பெயரும் அதில் பழைய வடிவில் உள்ளது. நம் கல்வெட்டுகளில் தேவதானம், பிரமதேயம் என்று வரும் பட்டியல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அருகிலுள்ள கோன்சாவாவும் சாதாரண ஊரன்று. 1227 நவம்பரில் போலந்தின் சிற்றரசர்கள் அங்கே கூடினர். அக்கூட்டத்தின்போதுதான் வெள்ளை லெஷெக் என்ற மன்னன் தாக்கப்பட்டான். குளியலறையிலிருந்து தப்பியோடி, அருகிலிருந்த மார்ச்சின்கோவோவில் கொல்லப்பட்டான். ஜ்னின் நகரமோ யான், யென்ட்ஜெய் ஷ்னியாடெட்ஸ்கி என்ற இரு அறிஞர் உடன்பிறப்புகள் பிறந்த ஊர். மூத்தவர் கணிதரும் வானியலாளரும், இளையவர் வேதியியலாளர்.

#12 கோடைமழை

ஐயா, வணக்கம். பேரோட காரணம் எனக்கு இப்பத்தான் தெரியும். வெனெட்ஸ்யான்னா வெனிஸ்தானாம், சுத்தி ஏரியா இருக்கறதால அந்தப் பேர். அந்த இடிஞ்ச கோட்டை 14-ஆம் நூற்றாண்டுல மிகொவாய் நவென்ச்ங்கற நீதிபதியோடதாம். அவருக்கு "வெனெட்ஸ்யாவின் பிசாசு"ன்னு பட்டப்பேர். கோட்டைக்கு எதிர்லயே பழைய எஞ்சின் எல்லாம் நிறுத்தி வச்ச குட்டி ரயில் மியூசியம். மகளுக்குப் பிசாசைவிட எஞ்சின்தான் பிடிச்சது.

#13 வடதிசை

யாரும் முக்கியமான சண்டையைத் தொடவே இல்லையே! இந்தக் கட்டைங்க மேல ரெண்டு நாடு அடிச்சுக்கிட்டதை யாராவது சொல்லுங்கப்பா.

#14 பழையஏடு

அதுக்குத்தான் வர்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

பவூக்கி, 18-ஆம் நூற்றாண்டுல போலந்தை அக்கம்பக்கத்து அரசுங்க பங்கு போட்டப்போ பிரஷ்யாங்கற ஜெர்மன் அரசு கைக்குப் போன பூமி. முதல் உலகப்போர் முடிஞ்ச பிறகு எழுச்சி பண்ணித்தான் போலந்தோட சேர்ந்தது. 1933-ல ஜெர்மன் எல்லை பிஸ்குபின்லேர்ந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். "இது எங்க பூர்வீக மண்ணு"ன்னு ஜெர்மன்காரங்க புத்தகம் போட்டுக்கிட்டிருந்த நேரம்.

இப்பத்தான் வேடிக்கை. அந்தப் பேச்சுக்குப் பெரிய தூண் குஸ்டாஃப் கொசின்னாங்கற பெர்லின் பேராசிரியர். மண்ணுல கிடைக்கிற பானை, ஊசி வகையை வச்சு இன்ன இனம் இங்க வாழ்ந்துச்சுன்னு வரைபடம் போடலாங்கறது அவர் முறை. கொஸ்ட்ஷெவ்ஸ்கி யார்கிட்டப் படிச்சார்? அதே கொசின்னாகிட்டதான்! குரு பானையைப் பார்த்து ஜெர்மானியன்னார். சிஷ்யன் அதே முறையை எடுத்துக்கிட்டு, இந்த ஊரைக் கட்டின லூசாஷியப் பண்பாட்டு ஆளுங்கதான் (வெண்கலக் கடைசி, இரும்புத் தொடக்கக் காலத்து மக்களுக்கு ஆய்வாளர்கள் வச்ச பேர்) போலிஷ்காரங்களோட இனமான ஸ்லாவ்களுக்கு மூதாதைன்னார். முடிவுதான் வேற, கணக்குப் போட்ட விதம் ஒண்ணு.

அந்த நேரத்துல இப்படி ஒரு கோட்டை கிடைச்சா விடுவாங்களா? எரிமலைச் சாம்பல்ல அப்படியே புதைஞ்சு கிடைச்ச இத்தாலி ஊரை நினைச்சு "போலந்தின் பாம்பேயி"ன்னு பேர் வச்சாச்சு. அமைச்சர், தளபதி, கர்தினால்னு ஆளாளுக்கு வந்து பார்த்தாங்க. எங்க முன்னோர் அப்பவே மதில் கட்டி எதிரியைத் தடுத்தவங்கன்னு பேச்சு.

1939 செப்டம்பர்ல ஜெர்மனி புகுந்தது. அடுத்த வருசமே நாஜிக் கட்சியோட எஸ்.எஸ். படையின் ஆராய்ச்சிப் பிரிவான அனெனெர்பே வந்து அதே குழியில இறங்கிச்சு. ஹான்ஸ் ஷ்லைஃப்ங்கற கட்டடக்கலை அறிஞர் தலைமை, 1942 வரை தோண்டினாங்க. ஊர்ப்பேரையே மாத்தி "உர்ஷ்டெட்"னு வச்சாங்க. நம்ம "ஊர்" இல்லை, ஜெர்மன்ல "உர்"ன்னா ஆதி. கொஸ்ட்ஷெவ்ஸ்கி நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோவுக்குப் பயந்து போர் முடியற வரைக்கும் வேற பேர்ல ஒளிஞ்சு வாழ்ந்தார். போருக்கப்புறம் திரும்பவும் போலந்து ஆளுங்க வந்து 1974 வரை தோண்டினாங்க.

#15 செந்தூரம்

கடைசியில யார்தான் கட்டினது? ஸ்லாவா, ஜெர்மானியனா?

#16 பழையஏடு

லூசாஷியப் பண்பாட்டு ஆளுங்க. இன்னிக்கு அதுக்கு மேல ஆய்வாளர்கள் போறதில்லை. எழுத்து இல்லை. என்ன மொழி பேசினாங்கன்னு மரமும் பானையும் சொல்லாது. ஸ்லாவ்னு அன்னிக்குச் சொன்னது நிலைக்கலை.

#17 வடதிசை

இதைப் படிக்கும்போது நம்மூர்ல...

#18 நெறியாளர்

@வடதிசை அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கு, 214 பக்கம் ஓடிக்கிட்டிருக்கு. இங்க ஏரியை விட்டு வெளிய வராதீங்க. #17-ல பாதியை வெட்டியாச்சு.

#19 கேள்விக்குறி

கோடைமழை அண்ணன் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லலை. ஏன் ஏரிக்குள்ள?

#20 தச்சன்மகன்

நான் முயற்சி பண்றேன். ஷ்வைட்செர் வாத்தியார் பார்த்தாரே, சாய்ஞ்ச கட்டை, அது என்னன்னு நினைக்கிறீங்க? மதிலுக்கு வெளிய, தண்ணிக்குள்ள வரிசை வரிசையா சாய்வா அடிச்ச முளைங்க. அலை வந்து நேரா மதில்ல மோதாம உடைச்சுவிடறதுக்கு, குளிர்காலத்துல பனிக்கட்டி நகர்ந்து வந்து மதிலை நெட்டித் தள்ளாம இருக்கறதுக்கு. படகுல வர்றவனுக்கும் அது முள்வேலிதான்.

அதனால எதிரிக்குப் பயந்தா, தண்ணிக்குப் பயந்தான்னு பிரிச்சுக் கேட்க வேண்டாம். ஒரே கட்டை ரெண்டு வேலையும் பார்த்திருக்கு.

#21 பழையஏடு

அருமை. ஒண்ணு சேர்க்கறேன். அந்தக் காலத்துல சுத்துவட்டாரம் முழுக்கவே இப்படி மதில் வச்ச குடியிருப்புங்க முளைச்சிருக்கு, பிஸ்குபின் மட்டும் தனியா இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரனே ஆடுமாட்டையும் தானியத்தையும் தூக்கிட்டுப் போற காலமா இருந்திருக்கலாம். சித்தியர்கள்ங்கற குதிரை நாடோடிங்க கிழக்கேர்ந்து படையெடுத்து வந்தாங்கன்னு ஒரு கட்சி உண்டு. தென்மேற்கே விட்சினாங்கற கோட்டையில சித்திய அம்புமுனை கிடைச்சதும் நிஜம். ஆனா அது பிஸ்குபின் கட்டிப் பல தலைமுறைக்கு அப்புறம். கட்டினவன் அவனை நினைச்சுக் கட்டியிருக்க முடியாது.

காலி பண்ணினதுக்குப் பெரும்பாலானவங்க சொல்ற காரணம் வானிலை. குளிரும் ஈரமும் கூடி ஏரி மட்டம் ஏறிச்சு. போதாததுக்குச் சுத்தியிருந்த காட்டை வெட்டித் தீர்த்தாச்சு, ஆயிரம் பேருக்கு விளைஞ்சு கொடுத்த மண்ணும் சத்துப் போயிடுச்சு.

#22 செந்தூரம்

என்ன விளைஞ்சது? சாப்பாட்டுக் கணக்கை யாருமே சொல்ல மாட்டேங்கறீங்களே.

#23 கோடைமழை

அக்கா, அதை என் மனைவி குறிச்சு வச்சிருக்கா. கோதுமை, பார்லி, அவரை வகை, பட்டாணி. அப்புறம் பனிவரகு! இங்க கடையில இன்னிக்கும் "ப்ரோசோ"ன்னு கேட்டா மஞ்சளா, உருண்டையா கொடுப்பான். உமி நீக்கினதுக்கு "யாக்வா"ன்னு பேர். நாங்க அதுலதான் வெண்பொங்கல் வைக்கிறோம், பச்சரிசியைவிட மலிவு. அந்த மரவீட்டு அடுப்பைப் பார்த்துட்டு அவ சொன்னது: "ஜன்னலே இல்லை, புகை கூரை வழியாத்தான் போகணும். அவங்களுக்குக் கண்ணு என்னத்துக்கு ஆகியிருக்கும்?" எனக்கு அந்த யோசனையே வரலை.

#24 ஓய்வுபெற்ற புலவர்

அம்மையார் கேட்டது நல்ல கேள்வி. நூறு அடுப்பு, நூறு நாணற்கூரை, இடைவெளியோ மூன்று மீட்டர். ஒரு பொறி போதுமே! கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் இரவுக்காவல் எதற்காக இருந்திருக்கும் என்று என்னைக் கேட்டால், எதிரிக்கு முன்னால் நெருப்பைத்தான் சொல்வேன்.

#25 கேள்விக்குறி

சரி, கூரை பளபளன்னு இருந்ததுன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். செப்டம்பர்ல அங்க தொல்லியல் திருவிழா நடக்கும்ல, 1995-லேர்ந்து வருசா வருசம்? அப்ப பானை வனையறது, வெண்கலம் உருக்கறது எல்லாம் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுவாங்களாம். இந்தத் தடவை வர்றேன். அண்ணே, போஸ்னான்ல ஒரு ராத்திரி தங்க இடம் கிடைக்குமா?

#26 கோடைமழை

தாராளமா வா தம்பி. யாக்வா பொங்கல் உண்டு.

#27 தச்சன்மகன்

@கோடைமழை அண்ணே, திருவிழாவுக்குப் போனா எனக்காக ஒரு வேலை. மூலைக் கம்பத்துல ரெண்டு சுவரும் சேர்ற இடத்துல, ரெண்டு காடியும் ஒண்ணையொண்ணு தொடற அளவுக்கு ஆழமா, இல்லை நடுவுல மரம் விட்டிருக்காங்களான்னு படத்துல தெரியலை. பக்கத்துல போய் ஒரு போட்டோ எடுங்க. அளவு தெரியறதுக்குப் பக்கத்துல விரலை வைங்க.

#28 கோடைமழை

சரி. மகள்கிட்டச் சொல்லிட்டேன். என் விரலைவிட அவ ஸ்கேலை வச்சா சரியா இருக்கும்கறா.